பெரட்டில் நான் திறந்த வாய்

குடி குடியைக் கெடுக்கும் என்பார்கள். என் அக்காவின் குடியைக் கெடுத்தது நான். ஒரு சொட்டுக்கூடத் தொடாமல், வாயாலேயே கெடுத்தேன்.

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருவரும் கொழுந்து பறித்தோம். எழுபதுகளின் தொடக்கம். அக்கா புருஷன் மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவர். பகலில் பிள்ளைப்பூச்சி. பொழுது சாய்ந்து ஆற்றோரம் போய், அங்கே காய்ச்சும் கசிப்பைக் குடித்துவிட்டு வந்தால், அக்காவின் முடிதான் அவருக்குப் பிடி. தொழிற்சங்கத்துத் தலைவர் கூப்பிட்டுப் புத்தி சொன்னார். மாரியம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார் மனுஷன். அந்தச் சத்தியம் மூன்று நாள் நின்றது. நாலாம் நாள் விறகுக் கட்டையால் அடித்து அக்காவின் இடது கையை முறித்தார். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டு வந்தோம்.

எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள் காலைப் பெரட்டில், எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும்போது, நேரே தோட்டத்துத் துரையின் முன்னால் போய் நின்றேன். அங்கிட்டுப் போ என்று கங்காணி பல்லைக் கடித்தார். நான் அசையவில்லை. அக்காவை இழுத்து வந்து அவள் கையைக் காட்டினேன். இவள் புருஷனை வேலையை விட்டு நிறுத்துங்கள், இல்லையென்றால் இவள் செத்துப்போவாள் என்றேன். அக்கா பின்னாலிருந்து என் சேலையை இழுத்துக்கொண்டே இருந்தாள். பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். துரை தலையாட்டினார். என் வயிறு குளிர்ந்தது.

இரண்டு நாளில் பத்துச்சீட்டு வந்தது. தோட்டத்தை விட்டே போகச் சொல்லும் சீட்டு. அதில் அக்கா பேரும் இருந்தது. புருஷன் பேரை வெட்டினால் பெண்டாட்டி பேரும் சேர்ந்துதான் வெட்டுப்படும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் புருஷன் பேரில்தான் இருக்கிறது என்று கிளார்க்கர் ஐயா நிதானமாகச் சொன்னார். அடித்தவனுக்கும் அடிபட்டவளுக்கும் ஒரே சீட்டா? அடப்பாவிகளா! துரையின் காலில் விழுந்தேன். அக்காவை என் காம்பராவில் வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். பேர் வெட்டினவளை வைத்திருந்தால் எனக்கும் சீட்டுதான் என்றார்கள். எனக்கும் இரண்டு பிள்ளைகள். வாயை மூடிக்கொண்டேன்.

மொனராகலைப் பக்கம் கரும்புக் காட்டில் கூலி வேலை இருக்கிறதாம். அக்கா புருஷன் மூட்டையோடு முன்னால் நடந்தார். அக்கா நல்ல கையில் தன் சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“இங்கன்னா நான் சத்தம் போட்டா நீ ஓடியாருவ,” என்றாள். “அங்க யாரு புள்ள வருவா?”

பஸ் வந்தது, ஏறிப் போனாள்.

அடுத்த மாதம் பக்கத்துக் காம்பராக்காரி தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நின்றாள். உதடு கிழிந்து, கன்னம் வீங்கியிருந்தது. அவள் புருஷனும் அதே ஆற்றோரம் போகிறவன்தான். என்ன ஆச்சு என்று கேட்கக் கிட்டே போனேன். வாளியைப் போட்டுவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“யாருகிட்டயும் சொல்லிராதீங்க அக்கா. ஒங்களக் கும்புட்டுக்கிறேன்.”

புருஷனுக்குக்கூட அவள் அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை.