உத்தரவு வரும்வரை

என் தம்பிக்கு நாய் பழக்குவதுதான் பிழைப்பு. தெருவில் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். நான் முரடன் என்பேன், மூஞ்சிக்கு நேராகவே. பெண்டாட்டி கிளம்பிப் போனபிறகு அவனுக்குச் சமைத்துப்போட்டுத் தரை துடைக்கிறவளும் நான்தான். யாராவது புதிதாக நாயைக் கொண்டுவந்தால், தன் நாய் கறுப்பியின் முன்னால் ஒரு கறித்துண்டை வைத்துவிட்டு உள்ளே போய் நிதானமாகச் சவரம் செய்துகொண்டு வருவான். அது எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கும். அவன் அதட்டினால்தான் வாய் வைக்கும். கொஞ்சினால் திரும்பிக்கூடப் பார்க்காது. அப்படிப் பழக்கியிருந்தான்.

ஒன்பது வயதில் ஒருநாள் அந்தக் கறுப்பி வந்தவர் காலடியிலேயே சிறுநீர் விட்டுவிட்டது. தம்பிக்கு மானம் போய்விட்டது. மறுநாள் கூடத்தில், அதற்கு மறுநாள் படியில். தண்ணீரை வேறு குடம் குடமாகக் குடித்தது.

"திமிரு, அக்கா. வயசாக ஆகத் திமிரு ஏறுது" என்றான். தண்ணீர்க் கிண்ணத்தை அலமாரி மேல் தூக்கி வைத்தான். காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். அதற்கும் அவன் உத்தரவு வேண்டும். நல்ல வெயில் காலம்.

துடைத்த துணி ஒருநாள் சிவந்து வந்தது. "டேய், ரத்தம் மாதிரி இருக்குடா. டாக்டர்கிட்ட காட்டு."

"நாயப் பத்தி எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

அவன் இல்லாத நேரம் கிண்ணத்தை நானே இறக்கி வைத்தேன். கறுப்பி குடிக்கவில்லை. கிண்ணத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தது. அன்றே தூக்கிக்கொண்டு நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை, பாவி.

பதினோராம் நாள் அது எழுந்திருக்கவில்லை. அப்புறம்தான் மாஸ்டருக்குப் பதறியது. டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். இடது கிட்னியில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி.

"நுரையீரலுக்குப் பரவல. இந்தக் கிட்னிய எடுத்துட்டா, இன்னொண்ண வெச்சு நல்லாவே இருக்கும்" என்றார். தம்பி முகத்தில் உயிர் வந்தது.

ரத்தப் பரிசோதனை வந்ததும் அவர் குரல் மாறிவிட்டது. "அந்த இன்னொண்ணும் வேலை செய்யல. கிட்னி கெட்டா நாய் தண்ணியாக் குடிக்கும், உடம்பு கேக்கும். இது உள்ளுக்குள்ள காஞ்சு கெடக்கு. தண்ணி வெச்சீங்கதானே?"

தம்பி என்னைப் பார்த்தான்.

"நீயே சொல்லு" என்றேன்.

இரண்டு நாள் சலைன் ஏற்றினார்கள். தேறவில்லை. ஆபரேஷன் தாங்காது என்றார் டாக்டரம்மா. "ரொம்ப வேதனைப்படுது. ஊசி போட்டு அனுப்பி வெச்சிடலாம். ஆசைக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

மேசை மேல் கிண்ணத்தை வைத்தார். கறுப்பி அதைப் பார்த்தது. பிறகு தம்பியைப் பார்த்தது.

"குடிம்மா. என் கண்ணுல்ல, குடி" என்று கெஞ்சினான். தலையைத் தடவினான், காலைப் பிடித்தான். அது அசையவில்லை. அந்தக் குரலை அவன் அதற்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. டாக்டரம்மா ஊசியோடு காத்திருந்தார்.

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான். "குடி" என்று அதட்டினான்.

கறுப்பி ஒருமுறை வாலை ஆட்டிவிட்டுக் குடித்தது.