செங்கோடனுக்குக் குறை ஒன்றுமில்லை

ஆடிக்குத் தாய்வீடு போன புதுப்பெண் நல்லம்மாள், ஆவணி பிறந்தும் புருஷன் வீடு திரும்பவில்லை. அழைக்கப் போன மாமனாரிடம் "நா வரலீங்க" என்று சொல்லிவிட்டாள். போதாதா? போன வாரம் ஜேடர்பாளையத்தில், அவள் தகப்பன் வீட்டில் பஞ்சாயத்து.

மாப்பிள்ளை செங்கோடன் எனக்குத் தம்பி மகன் முறை. நானும் வண்டி கட்டிப் போனேன் — தாலுகா கச்சேரியில் தலை நரைக்கும்வரை மனு விசாரித்தவன் அல்லவா!

"இன்னிக்கு வரலைன்னா எம் பையனுக்கு வேற பொண்ணு பாத்துருவேன்" என்று மாமனார் குதித்தார்.

செங்கோடனைக் கேட்டேன்.

"ஒரு கொறையும் இல்லீங்க பெரியப்பா. அம்மாளும் அவள நல்லா வெச்சிருக்கறாங்க, அவளும் நல்லா ஆக்கிப் போடறா. சந்தோசமாத்தான் இருக்கறோம்."

இருக்கிறோமாம்! அவள் வாக்குமூலத்தையும் இவனே கொடுத்துவிட்டான். நம் வாலிபர்கள் எல்லோருமே இப்படித்தான்... தன் வயிறு நிறைந்தால் வீடே நிறைந்துவிட்டது என்று நம்புகிறவர்கள்.

"மனுதாரரை விசாரிக்காத உத்தரவு அப்பீலில் நிற்காது" என்றேன். முணுமுணுப்புக்கு நடுவே நல்லம்மாள் வெளியே வந்தாள்.

"அடிச்சானா அம்மிணி?"

"இல்லீங்க."

"குடிக்கிறானா?"

"ஐயோ, இல்லீங்க. ஊட்டுல எல்லார்கிட்டயும் பேசறாங்க. மாட்டுகிட்டக்கூடப் பேசறாங்க. எங்கிட்ட மட்டும் பேச்சே இல்லை. பக்கத்துல இருக்கற வேலூர்ச் சந்தைக்கு ஒருக்கா கூட்டிப் போங்கன்னேன். பொம்பளைக்கு அங்கென்ன சோலின்னாங்க."

கூட்டம் சிரித்தது. செங்கோடன் சிரிக்கவில்லை.

"இதுக்கா பஞ்சாயத்து?" என்றார் மாமனார்.

"ஆமாங்க மாமா. இதுக்குத்தான்."

"ஏம்புள்ள, மனசுல இம்புட்டு இருக்குதுன்னு சொல்லவே இல்லியே?" என்றான் செங்கோடன்.

"எப்பங்க கேட்டீங்க?"

அவன் எழுந்து போய், அப்பனும் மகனும் வந்த வண்டியில் மாட்டைப் பூட்டினான்.

"வா புள்ள, சந்தைக்குப் போலாம்."

"டேய், நான் எதுல ஊட்டுக்குப் போறது?" என்று அலறினார் மாமனார்.

"பெரியப்பா வண்டியில வாங்கப்பா!"

நல்லம்மாள் வண்டிக்குள் போகவில்லை. முன்னால், அவன் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தாள் — ஊரே பார்க்க!

"சந்தோசந்தானேடா?" என்று கேட்டேன். அவன் வாயைத் திறந்தான்.

"சந்தோசந்தானுங்க. ரெண்டு பேருக்கும்" என்றாள் அவள்.

இந்தக் கூட்டு வாக்குமூலத்தை ஆட்சேபணையின்றி ஏற்றுக்கொண்டேன்!