அஞ்சாவது கல்லறை

வீடியோ கேம்களில் குதித்தே சம்பாதிப்பவள் சங்கமித்ரா. ராயபுரத்தில் ஒரு சின்னக் கம்பெனி. கேம் வெளிவருவதற்கு முன்னால் ஆடிப் பார்த்து, எங்கே சிக்குகிறது, எங்கே சப்பென்றிருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். வியாசர்பாடி வீட்டில், அப்பா அசோகன் வாங்கித் தந்த பழைய டிவி கேமில் பழகிய கட்டைவிரல் அவளுடையது.

இந்த வாரம் வந்தது அந்தக் காலத்துப் பாணியில் ஒரு பேய் கேம். புள்ளி புள்ளியான படம், டொய்ங் டொய்ங் இசை. தொலைந்த பல்செட்டைத் தேடி அலையும் பேயைப் பார்த்து வாய்விட்டே சிரித்தாள். முதல் மூன்று லெவலுக்கும் தாராளமாக மார்க் போட்டாள்.

நாலாவது லெவல் இடுகாடு. பன்னிரண்டு கல்லறை, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வேண்டும். அஞ்சாவது வந்ததும் விரல் நின்றுவிட்டது. நீல இரும்புத் தகடு, அதன்மேல் எட்டு ஆரச் சக்கரம், ஒரே ஓர் ஆரம் கோணல். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் அப்பாவோடு வெல்டிங் செய்தவர்கள், சாப்பாட்டு நேரத்தில் பற்றவைத்துக் கொடுத்தது. கோணல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொன்னதே இவள்தான்.

படம் வரைந்த திருமலை பக்கத்து நாற்காலியில் இருந்தான்.

"மூலக்கொத்தளம் இடுகாட்டுல போட்டோ எடுத்தியா?"

"ஆமாக்கா. அஞ்சாவதுல குதி, செம காமெடி. தொப்பைப் பேய் ஒண்ணு ஏப்பம் வுட்டுகினு வரும்."

"அது எங்கப்பா."

சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். மேனேஜர் கிருஷ்ணப்பன் எட்டிப்பார்த்தார். "புள்ளி புள்ளியா கீற படத்துல யாருக்கும்மா தெரியப்போவுது? சாயங்காலத்துக்குள்ள ஓகே குடு."

"எனக்குத் தெரிஞ்சிச்சே சார்!" அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. "உங்க வூட்டுப் பெரியவரு படத்தைக் கீழ வெச்சி மெதிச்சிக் காட்டுங்க, நானும் சிரிக்கிறேன்."

கன்ட்ரோலரைத் திருமலை கையில் திணித்தாள். "நீதான வரைஞ்ச? குதி."

அவன் விரல் பட்டன்மேல் இருந்தது. அழுத்தவில்லை. திரையில் குட்டி ஹீரோ கல்லறை ஓரத்தில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றான்.

"தூக்கிடறேன்க்கா."

"மத்த பதினொண்ணு?"

"அதுவும்... அங்க எடுத்ததுதான்."

"அவங்களுக்கு மட்டும் புள்ளைங்க இல்லியா?"

கிருஷ்ணப்பன் நீட்டிய தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சங்கமித்ரா நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். படிவத்தில் பயத்துக்கும் சிரிப்புக்கும் மார்க் போடும் கட்டங்களை வெறுமையாக விட்டாள். கீழே எழுதினாள்: 'நாலாவது லெவல் முழுவதும் நீக்கப்பட வேண்டும். அதுவரை ஒப்புதல் இல்லை.' பெயர் கேட்ட இடத்தில், யாரும் கேட்காததையும் சேர்த்தாள்: சங்கமித்ரா, த/பெ அசோகன்.