மச்சாளும் என் கால்களும்

யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் ஒரு பெண்கள் பாடசாலையில் நான் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தேன். வெயில் ஏறுவதற்கு முன் பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, கையை உயர்த்து, காலை அகற்று, திரும்பு என்று கட்டளையிடுவதுதான் என் வேலை. என் குரல் ரயில் பாதைக்கு அப்பாலும் கேட்கும் என்று சொல்வார்கள். ஐம்பது வயதைத் தாண்டியதும் வலது கைப் பெருவிரல் தானாக ஆடத் தொடங்கியது. பிறகு எழுத்து சிறுத்தது. பிறகு குரல் இறங்கியது, பின்வரிசைப் பிள்ளைகள் "என்ன ரீச்சர் சொன்னனீங்கள்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒருநாள் வகுப்பறை வாசலில் இரண்டு கால்களும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டன. போ என்று நான் சொல்கிறேன், அவை போகவில்லை. அந்தத் தவணையோடு ஓய்வு பெற்றுவிட்டேன்.

பார்க்கின்சன் வருத்தம் என்று சொன்ன டொக்டர் எதையும் பூசி மெழுகவில்லை.

"இது மாறிச் சுகமாகிற வருத்தமில்லை ரீச்சர். குளிசை தாறன். ஆனா இஞ்சத்தை நிலைமையிலை அது எந்த நாளும் கிடைக்குமெண்டு சொல்லேலாது. உடம்பை அசைக்கிறதை மட்டும் விடாதேங்கோ."

உடற்பயிற்சியைப் பற்றி எனக்கே புத்திமதி! ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்து சாய்மனைக் கதிரையில் படுத்தவள்தான், பல மாதங்களுக்கு எழும்பவில்லை. என்ன செய்யவேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மனம் வரவில்லை. அத்தனை பிள்ளைகளை நேராக நிற்கப் பழக்கியவள் கூனிக்கொண்டு இழுத்து இழுத்து நடப்பதை ஊர் பார்க்கவேண்டுமா என்றிருந்தது.

கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இருவரும் கனடாவில். அதே வளவில், பின்வீட்டில், கணவரின் தங்கை, என் மச்சாள், தனியாக இருந்தாள். பங்கீட்டுச் சாமான் கொடுக்கும் சங்கக்கடையில் வேலை. மண்ணெண்ணெய்க்கு முண்டியடிக்கும் சனத்தை அதட்டி அதட்டி அவளுடைய தொண்டை நன்றாகத் திறந்திருந்தது. எங்களுக்குள் சண்டையும் இல்லை, பெரிய ஒட்டும் இல்லை. "டிரில் ரீச்சருக்குச் சோறும் வரிசையிலை நிக்கவேணும்" என்று எனக்குக் கேட்கும்படியே சொல்வாள்.

அவள் ஒருநாள் காலை வந்து கதிரைக்கு முன்னால் நின்றாள்.

"மச்சாள், கோயிலுக்குப் போவம். வெளிக்கிடுங்கோ."

"எனக்கு ஏலாது."

"ஏலாட்டி அரைவாசியிலை திரும்புவம். சீலையை மாத்துங்கோ."

ஒழுங்கை முடக்கில் என் கால்கள் ஒட்டிக்கொண்டன. அவள் இழுக்கவில்லை, தள்ளவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி பக்கத்தில் நின்றாள். கால் மெல்லக் கிளம்பியதும், "சனத்துக்கு முன்னாலை ஏன், ரயில் றோட்டாலை போவம்" என்றாள்.

யுத்தத்தால் ரயில் ஓடாமல் விட்டிருந்த காலம் அது. தண்டவாளம் துருவேறிக் கிடந்தது. நடுவில் புல் முளைத்து ஆடுகள் மேய்ந்தன. தண்டவாளத்துக்குக் குறுக்கே வரிசையாகக் கிடந்த சிலிப்பர் கட்டைகளில் ஒன்றின் மேல் ஏறி நின்றேன். அடுத்த கட்டையைப் பார்த்தேன். கால் தானாக எழும்பி அங்கே போனது. அதற்கடுத்த கட்டைக்கும் போனது. வெறும் நிலத்தில் அசைய மறுத்த கால், கட்டையைக் கண்டதும் தாண்டியது! கோயிலுக்குத் திரும்பும் இடத்தையும் கடந்து நடந்துகொண்டிருந்தேன்.

"மச்சாள், கோயில் அங்காலை!" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

"கோயில் எங்கையும் போகாது. நீர் வாரும்" என்றேன். நான் அழுதுகொண்டிருந்ததை அவள் பார்த்திருப்பாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ரயில் பாதை. அவளுக்கு வேலைக்குப் போகுமுன் சமையல் இருந்தது, கிணற்றடி வேலை இருந்தது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாள். சில நாட்களில் எனக்கு முன்னால் நடந்து, சங்கக்கடைக் குரலில் "இடம், வலம்" சொல்வாள். இரண்டும் அவளுக்கு அடிக்கடி மாறிப்போகும். ஆனால் அந்தச் சத்தத்தின் தாளம் என் கால்களுக்குப் போதுமாக இருந்தது.

பிறகு ஊரெங்கும் குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டினார்கள். பங்கருக்கு மேல் மூட மரமும் இரும்பும் வேண்டும். பாதை துண்டு துண்டாகக் கழன்றது. ஒரு காலை நாங்கள் போனபோது எங்கள் பக்கத்திலும் வெறும் கல்தான் கிடந்தது. சனத்தின் உயிரைக் காக்கப் போன கட்டைகளுக்காக யாரோடு கோபிப்பது? வீட்டுக்குத் திரும்பி மறுபடி கதிரையில் சாய்ந்தேன்.

இரண்டு நாளாக மச்சாள் வரவில்லை. வளவில் மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் நாள் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். கிணற்றடியிலிருந்து வாசல் படலைவரை தென்னம் மட்டைகளைக் குறுக்கே குறுக்கே கிடத்தி, கால் தடுக்காதபடி பாதி மண்ணில் புதைத்திருந்தாள். அவளுடைய உள்ளங்கைகள் கொப்பளித்திருந்தன.

"இது ஆரும் களட்டிக்கொண்டு போகேலாத ரயில் றோட்டு" என்றாள்.

அதில் பல மாதங்கள் நடந்தேன். ஆனால் கொழும்பிலிருந்து குளிசை வருவது நின்றபோது அதையும் விட்டேன். குளிசை இல்லாத உடம்பு நனைந்த சாக்கு மாதிரி. புரண்டு படுக்கவே ஆள் வேண்டியிருந்தது. மச்சாள் கெஞ்சினாள், ஏசினாள், இரண்டு நாள் கதைக்காமலும் இருந்து பார்த்தாள். நான் அசையவில்லை.

ஒரு ஞாயிறு காலை அவள் என்னைக் கதிரையோடு இழுத்து விறாந்தையில் வைத்தாள். பிறகு முற்றத்தில் இறங்கிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தன்பாட்டில் டிரில் செய்யத் தொடங்கினாள். வலது கை எழும்பும்போது வலது காலும் எழும்பியது. குனியவேண்டிய இடத்தில் குந்தினாள். மூச்சை உள்ளே இழுக்கவேண்டிய இடத்தில் ஊதினாள். "ஒண்டு, ரெண்டு, நாலு" என்று எண்ணினாள். பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

எவ்வளவு நேரந்தான் பொறுப்பது?

"பிழை!" என்று கத்தினேன்.

அந்தச் சத்தம் என்னிடமிருந்துதான் வந்தது என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. வருடக்கணக்காக அப்படியொரு குரல் எனக்குள்ளிருந்து வரவில்லை.

"என்ன பிழை? சரியாத்தானே செய்யிறன்."

"என்ன செய்யிறீர் நீர்? இடக்கை எழும்பேக்கை வலக்கால். முதுகை நிமித்தும்!"

"அப்ப வந்து செய்து காட்டுங்கோவன்."

கதிரையின் கையைப் பிடித்து ஆடி ஆடி எழும்பினேன். விறாந்தைத் தூணைப் பிடித்தபடி ஒரு கையை உயர்த்திக் காட்டினேன். நடுங்கிக்கொண்டுதான் உயர்ந்தது. "அட, இப்பிடியோ!" என்று மதிலுக்கு மேலிருந்த அன்ரியும் கையை உயர்த்தினார்.

அதன் பிறகு எங்கள் முற்றத்தில் காலைதோறும் மூன்று பெண்களின் வகுப்பு நடந்தது. நான் தூணடியில் நின்று கட்டளை கொடுப்பேன். கொடுத்தபடி நானும் செய்வேன். குளிசை வந்த நாட்களில் நன்றாக, வராத நாட்களில் விரல்களை மட்டுமாவது. வருத்தம் குறையவில்லை. ஆனால் காலையில் கண் விழித்ததும் எனக்காக இரண்டு மாணவிகள் காத்திருந்தார்கள். அதற்காக எழும்பினேன்.

மச்சாளை ஒருநாள் கேட்டேன்: "அண்டைக்கு வேணுமெண்டே பிழையாச் செய்தனீர்?"

"ஐயோ மச்சாள், எனக்கு அப்பிடித்தான் வரும்" என்றாள். இன்றைக்கும் எனக்கு உண்மை தெரியாது.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கி, ஊரே ஒரே நாளில் வெளிக்கிட்டபோது, மழையில், சனத்துக்குள், மச்சாளின் தோளைப் பிடித்தபடி நாவற்குழிவரை என் சொந்தக் காலில் போனேன். அங்கிருந்து வண்டியொன்றில் ஏறிப் போய், மீசாலையில் தெரிந்தவர்கள் வீட்டு மாட்டுக் கொட்டிலில் இடம் கிடைத்தது. காலையில் பார்த்தால் மச்சாளின் கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. எழும்ப முடியாமல் கிடந்தாள். வீட்டுக்காரரிடம் கொஞ்சம் நல்லெண்ணெய் வாங்கி, அவளுடைய கால்களை மடியில் எடுத்து வைத்துத் தேய்த்தேன். அவள் கூச்சத்தில் இழுத்தாள். நான் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"உங்கடை கை ஆடுறதும் ஒரு சுகந்தான் மச்சாள். நீங்கள் கையை வைச்சாலே போதும், அது தானாத் தேய்க்குது."

இருவரும் சிரித்த சிரிப்பில் கொட்டிலின் மறுபக்கம் படுத்திருந்தவர்கள் எழும்பி உட்கார்ந்து எங்களைப் பார்த்தார்கள்.