எங்கள் அலுமாரியில் அவரது கிளாஸ்

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வெட்கம் வரும். அன்பு அதற்குப் பிறகுதான்.

எண்பத்தாறில் கோப்பன்ஹேகனில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு கிடைத்தபோது, முதலில் வந்து கதவைத் தட்டியவர் கீழ்மாடியில் இருந்த அந்தப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். எங்கள் ஜன்னல்கள் வெறுமையாக இருப்பதைத் தெருவில் நின்று பார்த்திருக்கிறார். அளவெடுத்துப் போய், நாலாம் நாள் திரைச்சீலை தைத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் யூதர் என்பது எனக்குத் தெரியாது. வெள்ளைத்தோல் எல்லாம் அப்போது எனக்கு ஒரே சாதி.

சும்மா அனுப்ப முடியுமா? உழுத்தம் வடை சுட்டு, தேத்தண்ணி போட்டு நீட்டினேன். வேண்டாம், நன்றி என்றார். மறுபடி நீட்டினேன். மறுபடியும் அதே பதில். மேசையில் கிடந்த தோடம்பழத்தை மட்டும் எடுத்து, தானே உரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் எனக்கு நெஞ்சு எரிந்தது. என் அப்பா, எங்கள் பேச்சில் அப்பு, யாழ்ப்பாணத்தில் பிறருடைய தோட்டங்களில் கூலி வேலை செய்தவர். அந்த வீடுகளில் அவருக்குத் தேத்தண்ணி தேங்காய்ச் சிரட்டையில்தான். குடித்ததும் தானே கழுவி வேலியில் செருகிவிட்டு வரவேண்டும். அந்த வீட்டுக்காரர்கள் அலுவலாக எங்களிடம் வந்தால் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார்கள். எங்கள் பாத்திரம் படாத இளநீரை வெட்டிக் கொடுத்தால் மட்டும் குடிப்பார்கள். அந்தத் தோடம்பழம் எனக்கு இளநீராகத் தெரிந்தது.

“கடல் தாண்டி வந்தும் இதுதானோ?” என்று கணவரிடம் கத்தினேன்.

“அந்த மனுசிக்கு எங்கட சாதி எப்பிடியப்பா தெரியும்? விசர்க்கதை கதையாதை” என்றார் அவர்.

நான் கேட்கிற ஆளா? வேண்டாதவள் கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம் என்று ஆயிற்று. சனிக்கிழமைகளில் அந்தப் பெண்மணி கொட்டும் மழையிலும் குடை பிடிக்காமல் எங்கோ நடந்து போவார். தன் கோயிலுக்குத்தான் போகிறார், அந்த ஓய்வுநாளில் குடை விரிப்பது அவர்கள் வேதத்தில் விலக்கு என்று அறியாமல் அதையும் திமிர் என்றேன். மாடிப்படியில் வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் மறுபடி வந்தார். கையில், துணியில் சுற்றிய ஒரு கிளாஸ்.

“இதில தந்தால் நான் தேத்தண்ணி குடிப்பன்” என்றார்.

அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த நூறு டேனிஷ் சொற்களையும் அவர்மேல் அள்ளி எறிந்தேன். அப்பா, வேலை, வேறு பாத்திரம், வெளியே. சிரட்டைக்குச் சொல் தெரியாமல் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினேன். “நாங்கள் ஊத்தையோ?” என்று கேட்டு அழுதுவிட்டேன்.

அவர் வாசல்படியிலேயே உட்கார்ந்தார். பிறகு எனக்கு விளங்கும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“நான் யூதப் பெண். எங்கட வேதத்தில சாப்பாட்டுக்குச் சட்டம் இருக்கு. இறைச்சிக்கு வேற பாத்திரம், பாலுக்கு வேற பாத்திரம். அப்பிடிப் பிரிச்சு வைக்காத வீட்டுப் பாத்திரத்தில நான் சாப்பிடக்கூடாது. என்ர சொந்தத் தங்கச்சி அதைப் பாக்கிறேல்லை. அவளின்ர வீட்டிலயும் நான் என்ர கிளாஸிலதான் குடிக்கிறனான். அங்க ஒண்டு வைச்சிருக்கிறன்.” கிளாஸை நீட்டி, “இங்கயும் ஒண்டு வைக்கட்டோ?” என்று கேட்டார்.

தங்கச்சி வீட்டிலும் அப்படித்தான் என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனாலும் முழுக்க நம்பினேன் என்று பொய் சொல்லமாட்டேன். சூடு கண்ட பூனை நான். கிளாஸை வாங்கி அலுமாரியில் வைத்தேன். ஞாயிறுகளில் வந்து அதில் பால் சேர்க்காத வெறுந்தேத்தண்ணி குடித்தார், நாங்கள் பனங்கட்டியைக் கடித்துக் குடிப்பதுபோல் சீனிக்கட்டியைக் கடித்துக்கொண்டு. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தக் கிளாஸைக் கழுவும்போது அப்புவின் சிரட்டை கண்ணில் நின்றது.

ஒரு நாள் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். தான் சாப்பிடுகிற அதே நீலக்கரைத் தட்டுகளை எங்களுக்கும் வைத்துக் கோழிசூப்பும் இறைச்சியும் பரிமாறினார். சாப்பிட்டு முடிந்ததும் நான் என் தட்டைத் தூக்கிக்கொண்டு கழுவ எழுந்துவிட்டேன். இன்னொருவர் வீட்டில் சாப்பிட்டால் நாங்கள்தான் கழுவிவைக்க வேண்டும். அது எலும்பில் ஊறிய பழக்கம்.

அவர் ஓடிவந்து தட்டைப் பறித்தார். “விடும், விடும்! இங்க கழுவுற பேசின் ரெண்டு. நீர் பால் பேசினுக்க போட்டீரெண்டால் என்ர கதை முடிஞ்சுது!” என்று சிரித்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, என் எச்சில் தட்டைத் தன் கையால் தேய்த்துக் கழுவினார். நான் பக்கத்தில் நின்று அழுதேன். அன்றைக்குத்தான் அவரை முழுதாக நம்பினேன்.

எல்லாவற்றையும் அப்புவுக்கு எழுதினேன், கிளாஸையும் மறைக்காமல். அதை அவர் எப்படி எடுப்பாரோ என்று பயமாக இருந்தது. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. யுத்தம், ஷெல்லடி, சாமான் விலை, அம்மாவின் இருமல் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் அப்பு எழுதியிருந்தார்:

“அந்த மனுசியின்ர கிளாஸில வேற ஆரையும் வாய்வைக்க விடாதை பிள்ளை. எங்களை நம்பித் தந்தது.”