கூடுதல் தாள்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில், ஆங்கிலத்தில் அரியர் வைத்தவர்களுக்கு டியூஷன் எடுக்கிறேன். எல்லாருக்கும் இரண்டு விஷயங்களை அடித்துச் சொல்வேன். கேள்வி எப்படி வந்தாலும் மனப்பாடம் செய்த கட்டுரையை முதலில் எழுதிவிட வேண்டும். கூடுதல் தாள் வாங்கி வாங்கிக் கட்ட வேண்டும், விடைத்தாள் கனத்தால்தான் மார்க் விழும். இதற்கு என்ன ஆதாரம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன்.

சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். நர்சரிப் பள்ளி ஒன்றில் ஆயா. தபால் வழியில் படித்த பி.ஏ.வில் இந்த ஒரு தாள்தான் பாக்கி. பட்டம் வாங்கிவிட்டால் அதே பள்ளியில் டீச்சராக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். பழைய பாடத்திட்டக்காரர்களுக்கு இதுவே கடைசித் தேர்வு.

அந்தத் தாளில் பத்து மார்க்குக்கு ‘ப்ரோநவுன்’ என்கிற பிரதிப்பெயர் இலக்கணம், மிச்சமெல்லாம் ரொமாண்டிக் காலக் கவிதை. ஹீ எங்கே, ஹிம் எங்கே என்று என்னிடம் வருகிறவர்கள் மாதக்கணக்கில் முழிப்பார்கள். அவர் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்.

"அடிச்சவன் ஹீ, அடி வாங்குனவன் ஹிம். எங்க எல்கேஜில தெனமும் இந்தப் பஞ்சாயத்துதான சார்?"

நான் பத்து வருடமாகச் சொல்லித் தந்ததில் இவ்வளவு தெளிவு இருந்ததில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கவிதைக்கு வந்தோம். கற்பனை, இயற்கை, தனிமை. கூடவே குழந்தைப் பருவம் களங்கமில்லாதது என்ற அந்தக் கவிஞர்களின் நம்பிக்கை. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இவுக ஒரு நா எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளக் கழுவி விட்டுட்டு எழுதணும் சார். ஆனா தூங்கும்போது பாத்தா, அவுக சொல்றதும் நெசந்தான்" என்றார். அதையே எழுதியிருந்தால் மார்க் கிடைத்திருக்கும். "சொந்த சரக்கெல்லாம் வேணாம்மா, நோட்ஸை உருப்போடுங்க" என்றேன். ஏழு பக்கக் கட்டுரையைக் கொடுத்தேன். பேருந்தில் வரும்போதும் போகும்போதும் அதை உருப்போட்டார்.

தேர்வில் கேட்டது இயற்கையைப் பற்றி. என் கட்டுரையோ கற்பனையைப் பற்றியது. அவர் என் பேச்சைத் தட்டாமல் ஏழு பக்கத்தையும் முதலில் எழுதி, மற்ற கவிதைக் கேள்விகளுக்கும் தாள் வாங்கி வாங்கிக் கட்டியிருக்கிறார். முடித்து நிமிர்ந்தபோது மணி அடித்துவிட்டது. இலக்கணப் பகுதியில் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஆறு மார்க்கில் போய்விட்டது. முடிவு வந்த சனிக்கிழமை நோட்ஸைத் திருப்பித் தர வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அட்டை போட்டு வைத்திருந்த நோட்ஸை மேசையில் வைத்தார்.

"வேற யாருக்காவது ஆகும் சார்."

படியில் இரண்டடி இறங்கியவர் திரும்பி நின்றார்.

"அந்தப் பத்து மார்க்கும் எனக்குத் தெரியும்தான சார்?"

"தெரியும்மா."

தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். உள்ளே புதிதாகச் சேர்ந்த நான்கு பேர் காத்திருந்தார்கள். மேசையில் இருந்த நோட்ஸை அவர்களில் ஒருவன் எடுத்துப் புரட்டி, "இத உருப்போட்டா பாஸா சார்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.