ஓடாதே என்று சொல்லும் வேலை

உடற்பயிற்சி சொல்லித் தருகிறவர்களுக்கு வகுப்புக்கு வராத சோம்பேறியால் ஒரு தொல்லையும் இல்லை. வேண்டாம் என்றாலும் வந்து நிற்கிறவரால்தான் தலைவலி. இந்தத் தொழிலில் இருப்பவர்களும், அப்படி ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்களும் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஃபேரர் பார்க்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது எங்கள் பயிற்சிக்கூடம். ராணுவத்தில் பயிற்சியாளராக இருந்து ஓய்வுபெற்ற கோபி அண்ணனும் நானும் சேர்ந்து நடத்துகிறோம். அங்கேதான் ஹரி வந்து சேர்ந்தான். ராணுவத்தில் சார்ஜன்ட். சிறப்புப் படைப்பிரிவுக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்குத் தயாராக வேண்டும் என்றான். அந்தத் தேர்வில் சரியான தூக்கம் கிடையாது. முதுகில் மூட்டையோடு காட்டிலும் தண்ணீரிலும் விரட்டுவார்கள். கடைசிவரை நிற்பவர்களை எடுத்துக்கொள்வார்கள். முந்தைய முறை ஹரி ஓய்வே இல்லாமல் பயிற்சி செய்து, கால் எலும்பில் மயிரிழை விரிசலோடு போய், முதல் நாளே திரும்பியிருந்தான். இந்த முறையும் தவறினால் இன்னொரு வாய்ப்பு கிடையாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம்.

"அதனால இந்தத் தடவை டபுளா உழைக்கப் போறேன் அக்கா" என்றான். நான் அட்டவணையை எடுத்து முதலில் ஓய்வு நாள்களை எழுதினேன்.

வேலை செய்யும் லிஃப்ட்

வியாழக்கிழமை முழு ஓய்வு என்று சொல்லியிருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அன்று சாயங்காலம் போன் போட்டேன். "என்ன ஹரி பண்றே?" "படுத்திருக்கேன் அக்கா" என்றான். படுத்திருக்கிறவன் ஏன் மூச்சு வாங்குகிறான் என்று கேட்பதற்குள், பின்னணியில் ஒரு கதவு திறந்தது. ஒரு பெண்குரல், "தம்பி, முதுகுல என்ன?" என்றது.

ஆங் மோ கியோவில் அவன் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் படிக்கட்டில், பையில் அரிசி மூட்டைகளைப் போட்டுக்கொண்டு, அடியிலிருந்து உச்சிவரை ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறான். போனை அணைக்கவும் மறந்துவிட்டான். "அரிசி, ஆன்ட்டி" என்று அவன் முனகியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்கு அந்த அம்மா கவலையோடு சொன்னதும் கேட்டது.

"லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது? அரிசியத் தூக்கிட்டுப் படியில அலையுறீங்களே, வீட்டுல எதுவும் சண்டையா தம்பி?"

மீனா பாஸ்

அளவுக்கு மீறிப் பயிற்சி செய்கிறவனைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. அவன் மனைவியைக் கேட்டால் போதும். ஹரியின் மனைவி மீனா ஒரு சனிக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிய கையோடு மாடியேறி வந்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு மூச்சுவிடாமல் சொன்னாள். ராத்திரியெல்லாம் புரண்டு படுக்கிறார். பிரியாணியைப் பார்த்து வேண்டாம் என்கிறார். காலையில் எழும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்கிறதாம். சட்னியில் உப்பு குறைந்ததற்குக் கோபித்துக்கொண்டு பால்கனியில் போய் நின்றுகொண்டாராம், மழையில்.

அங்கே எடை தூக்கிக்கொண்டிருந்த ஹரியைக் கூப்பிட்டு ஒரு வாரத்துக்கு நடையும் தூக்கமும் சாப்பாடும் மட்டும்தான் என்றேன். அவன் வேலையையே நான் பிடுங்கிக்கொண்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான். "ஒரு வாரம் சும்மா இருந்தா எல்லாம் போயிடும் அக்கா. நான் எப்படி பாஸ் ஆவேன்?" மீனா காய்கறிப் பையை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க பாஸ் ஆவீங்களான்னு தெரியல. உங்களோட ஒரே வீட்டுல இருக்கிற செலக்ஷன்ல நான் எப்பவோ பாஸ்."

பசித்தது, படுத்தேன்

அதே தேர்வுக்கு யாசிரும் எங்களிடம் பயிற்சி எடுத்தான். அவன் அப்பாவுக்குச் சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை. நோன்பு மாதம் வந்ததும் யாசிருக்குப் பயிற்சியைப் பாதியாகக் குறைத்தோம். நோன்பு திறந்து, தொழுதுவிட்டு வந்து, கொஞ்ச நேரம் எடை தூக்குவான். மெதுவாக ஒரு சுற்று ஓடுவான். அவ்வளவுதான். ஹரிக்கு அவனைப் பார்த்தால் பாவமாக இருந்தது. "பெருநாள் முடிஞ்சதும் அவன் ரொம்ப பின்னாடி போயிருப்பான்" என்றான். நான் கொடுத்த ஒரு வார ஓய்வை மூன்றாம் நாளே முடித்துக்கொண்டு, எனக்குத் தெரியாமல் தினமும் பொங்கோல் நீரோரமாக ஓடியும் வந்திருக்கிறான்.

பெருநாள் பலகாரமெல்லாம் தீர்ந்த பிறகு இருவரையும் மூட்டையோடு ஓட விட்டோம். யாசிர் முன்பைவிட வெகு சீக்கிரம் வந்து நின்றான். ஹரி முன்பைவிடத் தாமதமாக வந்தான், வலது காலை லேசாக இழுத்துக்கொண்டு. தண்ணீர்கூடக் குடிக்காமல் யாசிரிடம் போய், "என்னடா பண்ணே? சொல்லு, ரகசியமா என்ன பண்ணே?" என்றான். யாசிர் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தான்.

"ஒண்ணும் பண்ணல பிரதர். பசிச்சுது, படுத்துட்டேன்."

டாக்டரின் அழைப்பு

இழுத்த கால் மறுநாளும் இழுத்தது. போன முறை விரிசல் விட்ட அதே இடம். விரலால் தொட்டேன், ஹரி பல்லைக் கடித்துக்கொண்டு, "வலிக்கல" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. மீனாவும் நானும் அவனை விளையாட்டுக் காயம் பார்க்கும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ஸ்கேன் எடுத்துவிட்டு மூவரும் காத்திருந்தோம். ஹரி, "இது போச்சுன்னா எனக்கு வேற என்ன தெரியும் அக்கா?" என்றான். மீனா அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் தமிழ்ப் பெண்மணி. படத்தை வெளிச்சத்தில் காட்டினார். எலும்பு வீங்கியிருக்கிறது, ஆனால் விரிசல் விடவில்லை. ஓட்டத்தை அடியோடு நிறுத்தினால் தேர்வுக்குள் சரியாகிவிடும் என்றார். மீனா சத்தம் போட்டு அழுதுவிட்டாள். ஹரி, "மெதுவா ஓடினா?" என்று ஆரம்பித்தான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இன்னும் ஒரு வாரம் ஓடிட்டு வாங்க, அப்புறம் நாம மாசக்கணக்கா அடிக்கடி சந்திக்கலாம்."

மூட்டா, முதுகா?

அன்றிலிருந்து ஹரி சொன்ன பேச்சைக் கேட்டான். பயம்தான் காரணம் என்றாலும் எனக்குப் போதும். காலுக்குப் பாரம் வரக்கூடாது என்பதால் நீச்சல் குளத்துக்கு அனுப்பினேன். தரையில் கால் படாமல், தண்ணீருக்குள்ளேயே ஓடுகிற மாதிரி அசைய வேண்டும். காலை வேளையில் அந்தக் குளத்தில் அம்மாமார்களின் தண்ணீர்ப் பயிற்சி வகுப்பு நடக்கும். பூப்போட்ட தொப்பிகளுக்கு நடுவே சார்ஜன்ட் ஹரி, கழுத்தளவு தண்ணீரில், விறைத்த முகத்தோடு.

இரண்டு வாரத்தில் தூக்கம் வந்தது. பசி வந்தது. மீனா வைத்த மீன் தலைக் கறியைச் சட்டியோடு காலி பண்ணினானாம். காலைப் படபடப்பு அடங்கியது. முகத்தில் சிரிப்புகூட வந்துவிட்டது. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா. ஒரே ஒரு விஷயம்தான் தாங்க முடியல" என்றான். என்ன என்று கேட்டேன். முதல் நாளே பக்கத்தில் நின்ற தமிழ் அம்மா ஒருவர் மிகுந்த பரிவோடு விசாரித்தாராம்.

"சின்ன வயசா இருக்கீங்களே, பாவம். தம்பிக்கு மூட்டா, முதுகா?"

விருந்துக்கு முந்தின நாள்

வலி போய், டாக்டரும் சரி என்ற பிறகு ஹரி பழையபடி மூட்டையோடு ஓடத் தொடங்கியிருந்தான். தேர்வுக்கு முந்தைய வாரம் மறுபடியும் பயிற்சியைக் குறைத்தோம். அந்த வாரத்தில்தான் எல்லாருக்கும் பைத்தியம் பிடிக்கும். இல்லாத வலியெல்லாம் தோன்றும். கடைசியாக ஒரே ஒரு முறை முழுத் தூரத்தையும் ஓடிப் பார்க்கட்டுமா என்று ஹரி கெஞ்சினான். நான் மாட்டேன் என்றேன். கோபி அண்ணனிடம் போனான். பழைய ராணுவக்காரர், தன் பக்கம் நிற்பார் என்று நினைத்திருக்கிறான். அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"கல்யாணத்துக்கு முந்தின நாளே ருசி பாக்குறேன்னு அண்டாவைக் காலி பண்ணிட்டா, வர்ற ஆளுக்கு என்னத்தப் போடுவ?"

கண்ணைத் திறந்தபோது

தேர்வு முடிந்த வாரம் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஹரியும் யாசிரும். யாசிரின் கணுக்காலில் கட்டு. காட்டுப் பள்ளத்தில் வழுக்கியதால் பாதியில் அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு வயதும் வாய்ப்பும் இருக்கிறது. அடுத்த முறை போகிறேன் என்று சிரித்தான். அவனுக்குப் பின்னால் ஹரி. உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, ஆளே பாதியாகியிருந்தான். பிறகு மெதுவாக, "எடுத்துட்டாங்க அக்கா" என்றான். கோபி அண்ணன் எழுந்து நின்று அவனுக்கு சல்யூட் அடித்தார். நான் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த பயிற்சிப் பாயை மறுபடி துடைத்தேன்.

எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டேன். இடையில் சில நிமிடம் நிற்க விட்டபோதெல்லாம் மற்றவர்கள் காலை நீட்டி மடக்கிக்கொண்டும் குதித்துக்கொண்டும் இருந்தார்களாம். இவன் மூட்டையில் சாய்ந்து தூங்கியிருக்கிறான். ஒருமுறை கண்ணைத் திறந்தால் எதிரே பயிற்சி அதிகாரி. திட்டப்போகிறார் என்று துள்ளி எழுந்தானாம். அவர் சொன்னதை ஹரி அதே குரலில் சொல்லிக் காட்டினான்.

"உட்காரு லா. இங்க இருக்கிறதுலயே அறிவுள்ள ஆளு நீ ஒருத்தன்தான்."

ஒருவரை ஓட வைக்க ஒரு விசில் போதும். கொஞ்ச நேரம் சும்மா இருக்க வைக்கத்தான் ஒரு படையே வேண்டியிருக்கிறது.